ஓர் இடைவெளியும் நான்கு கேள்விகளும்

எக்ஸ்ரே பிரிவில் அவரைப் பைப் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு கமாண்டின் விடையை அப்படியே அடுத்த கமாண்டின் வாயில் ஊற்றுவதற்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நெட்டுக்கோடு போடுவார்கள். அதற்குப் பெயர் பைப். அவர் எழுதும் வரிகளில் அந்தக் கோடு நாலைந்து இடத்திலாவது நிற்கும். ஆனாலும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நர்ஸ் ஒருத்தி, மூன்றாம் மாடி வாஷ்பேசின் ஒழுகுகிறது என்று அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "குளிர் தண்ணியா, சுடு தண்ணியா?" என்று விசாரித்து, பராமரிப்புப் பிரிவின் நம்பரைச் சொல்லி அனுப்பினார். அவருக்குக் கண் தெரியாது என்பதே கதவைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்ததாம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தபோது வயது இருபத்து நான்கு, பார்வையில் ஒரு குறையும் இல்லை. பட்டனும் பெட்டியுமாகத் திரை நிறையப் புரோகிராம் எழுதுகிறவராகத்தான் வந்தார். முப்பத்தொன்றில் மாடிப்படியின் ஓரம் தெரியாமல் இரண்டு தடவை விழுந்தார். அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருந்த கண் டாக்டர், பார்வை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கிக்கொண்டே வரும், நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். ஐந்து வருஷத்தில் நடுவும் போயிற்று. நிர்வாகம் அவரை டெலிபோன் மேஜைக்கு மாற்றிவிடலாம் என்று பார்த்தது. மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள், முடியாவிட்டால் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்று மாதத்தில் அவருக்குக் கை கொடுத்தது ஷெல் என்கிற கறுப்புத் திரை. படம் இல்லை, பட்டன் இல்லை, மௌஸ் தேவையில்லை. கமாண்டை அடித்து எண்டர் தட்டினால் பதில் எழுத்தாகவே வரும். எழுத்து போகும், எழுத்து வரும். வருகிற எழுத்தை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் காதில் படித்துச் சொல்லும். பழகப் பழக அதன் வேகத்தை அவர் ஏற்றிக்கொண்டே போனார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தேனீ ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும், அவருக்கோ சொல் சொல்லாக விழும். நாலு கமாண்டைக் கோத்து ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அது ஸ்கிரிப்ட். அடுத்த தடவை அதன் பெயரை மட்டும் சொன்னால் போதும், எல்லாம் வரிசையாக நடக்கும். டெலிபோன் மேஜைக்கு வேறொருவரைப் போட்டார்கள்.

அவருடைய முக்கியமான வேலை படங்களைச் சேர்ப்பது. ஆறு எக்ஸ்ரே மெஷின்கள். ஒவ்வொன்றும் காலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் பாட்டுக்கு எண் போட்டுப் படம் எடுக்கும். மத்தியானமும் சாயங்காலமும் அவற்றை எடுத்து, பதிவேட்டைப் பார்த்து நோயாளி எண்ணை ஒட்டி, தேதிவாரியான ஃபோல்டரில் போட வேண்டும். பதினான்கு வரி ஸ்கிரிப்ட் ஒன்று அதைச் செய்தது. மெஷின் எண்ணையும் தேதியையும் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பதினோரு வருஷம் அவர் ஒருவர் கையிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் வரவில்லை. வராததாலேயே அதை யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரையில் பலகை வைத்த பயிற்சி வண்டியில்தான் தினமும் அவரைக் கொண்டுவந்து இறக்குவார். "இத்தனை வருஷமா கத்துக்கறீங்க, இன்னுமா லைசென்ஸ் தரலை?" என்று வாசலில் நிற்கும் காவல்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். "டீச்சர் ரொம்பக் கண்டிப்பு" என்று இவரும் சளைக்காமல் பதில் சொல்வார்.

அந்த மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பைப் சார் பன்னிரண்டு நாள் லீவு போட்டார். சேர்ந்தாற்போல இத்தனை நாள் லீவு போடுவது அதுதான் முதல் தடவை. போகுமுன் ஸ்கிரிப்டை ஓட்டுவது எப்படி என்று ஒரு தாளில் அடித்து, அச்செடுத்து, மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டச் சொன்னார். ஆறே வரி. பொறுப்பைக் கவசம் அக்கா எடுத்துக்கொண்டார்.

கவசம் அக்கா எக்ஸ்ரே டெக்னீஷியன்களில் மூத்தவர். கதிர் படாமல் இருக்கப் போடும் ஈயக் கவசத்தைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். கழற்றி மாட்டினால் முதுகு பிடித்துக்கொள்கிறது, அதற்குப் போட்டுக்கொண்டே இருப்பது தேவலை என்பது அவர் கட்சி. வேலையில் சுத்தம். வாயிலும் அப்படித்தான், மனதில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுவார்.

முதல் மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் மத்தியானம் கூட்டம் அதிகம். அக்கா மூன்றாம் மெஷினின் படங்களைச் சேர்க்க உட்கார்ந்தார். தாளில் தேதிக்கு உதாரணமாக 0907 என்று இருந்தது. அன்றைக்கு ஏழாம் மாதம் பன்னிரண்டாம் தேதி. அக்கா 12 என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 07 என்று அடித்தார். ஆஸ்பத்திரியின் எல்லாப் படிவங்களிலும் நாளுக்கு ஒரு கட்டம், மாதத்துக்கு ஒரு கட்டம். இருபது வருஷமாக அப்படி எழுதியே பழகிய கை.

ஷெல்லுக்கு இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்று பொருள். ஸ்கிரிப்ட் 12 என்பதை மட்டும் தேதியாக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாததால் தானே ஒன்றை உண்டாக்கியது. அந்தத் தேதிக்குப் பதிவேடு இல்லாததால் நோயாளி எண்ணை ஒட்டாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்ற பழைய பெயரோடேயே படங்களைக் கொண்டுபோய்ப் போட்டது. நாற்பத்தொரு படம். அடுத்து அக்கா நான்காம் மெஷினுக்கும் அதே மாதிரி அடித்தார். அதில் ஐம்பத்திரண்டு படம். அவையும் ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் வந்த நாற்பத்தொன்றின் மேலேயே போய் உட்கார்ந்து அவற்றை அழித்துவிட்டன. ஷெல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்படி யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. படங்களைக் கொடுத்தவுடன் மெஷின்கள் தங்கள் நினைவைத் துடைத்துக்கொள்ளும். மறுபிரதி எடுப்பதோ சாயங்காலம்தான்.

மூன்று மணிக்கு எலும்பு டாக்டர் ஒரு தச்சரின் மணிக்கட்டுப் படத்தைத் தேடினார். இல்லை. அடுத்தவருடையதைத் தேடினார். அதுவும் இல்லை. நாலரை மணிக்குப் பைப் சார் மனைவியைத் தன் கூடப்பிறந்த அக்காவிடம் விட்டுவிட்டு வாடகைக் காரில் வந்து சேர்ந்தார்.

உட்கார்ந்து பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அடித்த கமாண்டுகளை ஷெல் ஞாபகம் வைத்திருக்கும். ரீடர் அந்த வரியைப் படித்தபோது நடுவில் இருந்த இடைவெளி அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"தேதிய ஒட்டி அடிக்கணும்னு தெரியாதா?" என்றார்.

அறையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள்.

"நான்தான் அடிச்சேன்" என்றார் கவசம் அக்கா. "ஒட்டி அடிக்கணும்னு எங்க எழுதியிருக்கீங்க?"

"தாள்ல இருக்குமே."

அக்கா சுவரிலிருந்து தாளைக் கிழிக்காமல் பிய்த்தெடுத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், முற்றுப்புள்ளியையும் விடாமல், உரக்கப் படித்தார். ஒட்டி அடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இடைவெளி என்ற சொல்லே இல்லை.

பைப் சார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அக்கா படித்தார்.

"இல்லதான்" என்றார் அவர்.

நாற்பத்தொரு பேரையும் அவரே போனில் கூப்பிட்டார். அதற்கு மூன்று நாள் ஆனது. உங்கள் படம் அழிந்துவிட்டது, தவறு எங்களுடையது, மறுபடி ஒரு தடவை வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி சொன்னார். முப்பத்தொன்பது பேர் வந்தார்கள். தச்சர், மாவுக்கட்டோடு இரண்டு பஸ் மாறி வந்தவர், வரிசையில் நின்றபடியே அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். பைப் சார் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். ஒரு பெண்மணி வேறு இடத்தில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். இன்னொருவரின் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடைசிவரை யாரும் எடுக்கவில்லை.

லீவு முடிந்து திரும்பிய அன்றைக்கே பிரிவின் தலைவியான பெரிய டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒழுங்கா ஒரு புரோகிராம் எழுத முடியுமா, இல்ல வெளியில குடுக்கட்டுமா?"

"ஸ்கிரிப்ட்லயே ரெண்டு வரி சேர்த்தா சரியாயிடும், டாக்டர். தேதி தப்பா இருந்தா நிறுத்து, அதே பேர்ல ஃபைல் இருந்தா நிறுத்து. இன்னைக்கே போட்டுடலாம்."

"சரி. அடுத்து வேற ஒண்ணு தப்பா அடிச்சா?"

"அதுக்கும் ஒரு வரி."

"நீங்க அதையெல்லாம் யோசிச்சு வரி சேர்த்துட்டே இருப்பீங்க. தப்பு பண்றவங்க யோசிச்சா பண்றாங்க?" என்றார் டாக்டரம்மா. "ஒரு மாசம் டைம் எடுத்துக்கங்க."

அவருக்கு ஒப்பவில்லை. அவர் எழுதக்கூடியது கன்சோல் புரோகிராம். அதுவும் அதே கறுப்புத் திரையில் ஓடுவதுதான். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் மொழியில் முறையாக எழுதி, ஓடும் வடிவில் கட்டி, சோதித்து வைப்பது. உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் அது சரிபார்க்கும், தவறு நேர்ந்தால் வாய் திறந்து சொல்லும். அதில் ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் திறந்து, திருத்தி, மறுபடி கட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் அப்படியில்லை. இருக்கிற கமாண்டுகளை எடுத்துக் கோக்க வேண்டியதுதான், காலையில் நினைத்தால் மத்தியானத்துக்குள் கையில் இருக்கும். பதினான்கு வரியில் முடிகிற காரியத்துக்கு ஆயிரம் வரி எழுதுவதை அவர் வேலையாகவே மதித்ததில்லை.

வீட்டில் மனைவி தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். தையல் பிரிக்காததால் சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. பைப் சார் இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்லி முடித்தார். ஒரு பக்கம் மட்டும் ரொம்ப நேரம் எடுத்தது.

"உங்களுக்கு எது வசதியோ அதையே நல்லதுன்னு சொல்லிட்டிருக்கீங்க" என்றார் மனைவி.

"பதினோரு வருஷம் தப்பே வரலையே."

"ஓட்டினது நீங்க மட்டும்தானே. என் வண்டியில என் பக்கம் ஒரு பிரேக் இருக்கு, தெரியும்ல? எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுன்னா அத வச்சிருக்காங்க? பக்கத்துல உக்காந்து ஓட்டுறவங்களுக்குத் தெரியாதுன்னுதான். உங்க ஸ்கிரிப்ட்ல அந்த பிரேக் எங்க இருக்கு?"

அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பதில்தான் வேண்டும் என்றார் மனைவி. சிரிப்பு வந்துவிட்டது, தையல் இழுத்தது, அதற்கும் இவர்தான் பேச்சு வாங்கினார்.

மறுநாள் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். டெக்னீஷியன்களிடம் உங்களுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று கேட்டார். கலர் வேண்டும், மெனு வேண்டும், அம்புக்குறிச் சாவியால் மேலும் கீழும் போக வேண்டும் என்றார்கள். அப்படியே எழுதினார். இரண்டு வாரம். கட்டம் கட்டின திரை, நீலப் பட்டை, தேர்ந்தெடுத்த வரிக்கு மஞ்சள். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவரும் நம்பிக்கொண்டார். அவர் காதிலோ ரீடர், "கோடு கோடு கோடு மூலை கோடு கோடு" என்று பாராயணம் செய்துகொண்டிருந்தது. ஒரு சாவியைத் தட்டினால் திரை முழுவதும் புதிதாக வரையப்படும், ரீடர் மறுபடி முதல் மூலையிலிருந்து ஆரம்பிக்கும். தான் எழுதிய புரோகிராமைத் தானே ஓட்ட முடியவில்லை.

அதையும் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அவர்களுக்குக் கலர், எனக்கு ஷெல், அவரவர் வழி அவரவருக்கு. இது நாலு நாள்தான் நடந்தது. ஐந்தாம் நாள் மெனு ஏதோ ஒரு இடத்தில் நின்றுவிட, கவசம் அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் பைப் சார்.

"சிவப்பா ஒரு பெட்டி வந்திருக்கு. நீங்களே பாரு..." அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு பெட்டிக்குள் இருந்ததைப் படித்தார். பெட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்ததைப் படித்தார். எது முன்னால், எது பின்னால் என்று இவர் கேட்க, அவர் விளக்க, இருபது நிமிஷம் போயிற்று. வெளியில் பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"இது சரிப்பட்டு வராது" என்றார் அக்கா. "கலரெல்லாம் யாருக்கு வேணும்? நாங்க சும்மா ஆசைக்குச் சொன்னோம். எங்ககிட்ட வர்ற ஆளுகிட்ட நாங்க எப்படி வேலை பாக்குறோம்? பேரென்னன்னு கேப்போம். சொல்வாங்க. எந்தக் கைன்னு கேப்போம். சொல்வாங்க. ஒவ்வொண்ணாத்தான் கேப்போம், மொத்தமா கேட்டா இடது வலதா மாறிடும். உங்க புரோகிராமும் அப்படி ஒவ்வொண்ணா கேக்கட்டுமே. நாங்க சொல்லிட்டுப் போறோம்."

கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. மேலே போனது மேலேயே நிற்கும், திரும்ப வரையப்படாது. அவர் ரீடருக்கும் அதுதான் இஷ்டமான சாப்பாடு. இத்தனை வருஷமாக ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. கேட்டதற்கு அவர்கள் கலர் என்றுதானே சொன்னார்கள் என்றும் தோன்றியது. இரண்டையும் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்.

முதலில் ஏழு கேள்வி இருந்தது. வரிசை நீள்கிறது என்று சண்டை போட்டு நான்காகக் குறைத்தார்கள். எந்த மெஷின், எந்தத் தேதி, ஓட்டுவது யார், சேர்த்துவிடலாமா. தேதியை ஒட்டி அடித்தாலும், விட்டு அடித்தாலும், நடுவில் கோடு போட்டாலும் புரிந்துகொண்டு, நாளையும் மாதத்தையும் எழுத்தில் திருப்பிச் சொல்லும். இருக்கிற படத்தின் மேல் இன்னொன்றை எழுதவே எழுதாது. கடைசிக் கேள்விக்கு, யெஸ் என்பதற்கு அடையாளமாக ஒய் என்ற எழுத்தை அடித்தால் வேலை நடக்கும்.

ஒரு மாதம் கழித்து, எப்படிப் போகிறது என்று விசாரித்தார்.

"நல்லாத்தான் போகுது. கடைசிக் கேள்விக்கு மட்டும் எல்லாரும் கண்ண மூடிட்டு ஒய் அடிச்சிடறோம்" என்றார் கவசம் அக்கா.

"நானும் அப்படித்தான் அடிக்கிறேன்" என்றார் பைப் சார்.

ஒரு நொடி யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவர் முதலில் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்கே அந்தக் கேள்வியை மாற்றினார். கடைசியாகச் சேர்த்த பிறகு இந்த மெஷினில் எத்தனை படம் எடுத்தீர்கள் என்று கேட்கும்படி செய்தார். டெக்னீஷியன் தன் நோட்டைப் பார்த்து எண்ணை அடிக்க வேண்டும். மெஷினில் இருக்கும் எண்ணிக்கையும் அதுவும் ஒத்தால்தான் சேர்க்கும். இதற்கும் முனகினார்கள். மூன்றாம் வாரம் நோட்டில் முப்பத்தெட்டு, மெஷினில் முப்பத்தேழு என்று வந்து புரோகிராம் நின்றது. தேடிப் பார்த்ததில், ஒரு கிழவரின் இடுப்புப் படம் மெஷினுக்குள் பதியாமலே போயிருந்தது. அவர் வெளியில் பெஞ்சில்தான் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். முனகல் ஓரளவு அடங்கியது.

பைப் சார் ஷெல்லை விட்டுவிடவில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் இடது முழங்கால் படம், ஐந்து வருஷத்துக்கு உண்டானது வேண்டும் என்று ஒரு டாக்டர் வந்து நிற்பார். நாலு நெட்டுக்கோடு போட்ட ஒரே வரியில், டாக்டர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் பட்டியல் வந்துவிடும். இதற்கென்று புரோகிராம் எழுதினால் ஒரு வாரம் ஆகும், மறுபடி யாருக்கும் தேவைப்படவும் செய்யாது. என் கை மட்டும் படுகிற வேலைக்குக் கமாண்ட், அடுத்தவர் கையும் படுகிற வேலைக்குப் புரோகிராம் என்று தனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கும் முழுக்கச் சரியில்லை. அந்த வருஷக் கடைசியில், தன் கையாலேயே ஃபைலை அழிக்கும் ஒரு கமாண்டில், எல்லாமும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஃபோல்டரையே காலி செய்துவிட்டார். முந்தின நாள் எடுத்த மறுபிரதி இருந்ததால் பிழைத்தார். ஆபீசில் மூச்சு விடவில்லை. மனைவியிடம் மட்டும் காரில் போகும்போது சொன்னார். வண்டி சிக்னலில் நின்றதும், அவர் காலடியில் இருந்த அந்த இரண்டாவது பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்க்கச் சொன்னார் மனைவி.

அடுத்த வருஷம் இன்னொரு ஊர் ஆஸ்பத்திரி அந்தப் புரோகிராமைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அங்கே அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம், அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. அந்த ஆஸ்பத்திரி டெக்னீஷியன் ஒரு பெண்.

"சார், மூணாவது கேள்வி, ஓட்டுவது யார்னு கேக்குதே, அங்க பேர் அடிச்சா ஏத்துக்க மாட்டேங்குது."

"எத்தனை எழுத்து உங்க பேரு?"

அந்தப் பெண் எண்ணிச் சொன்னாள். இருபத்து மூன்று. இருபது எழுத்துக்கு மேல் ஒருவருக்குப் பெயர் இருக்கும் என்று நினைக்காமல், அந்த இடத்தை அவர் இருபதோடு நிறுத்தியிருந்தார்.

"இப்போதைக்கு என்ன பண்றீங்க?"

"பக்கத்து மெஷின் அக்கா பேர்லதான் ஓட்டறேன். தப்பு எதுவும் வந்தா அவங்க தலையில விழும்னு அவங்க திட்டறாங்க, சார்."

வெளியில் பயிற்சி வண்டியின் ஹாரன் இரண்டு தடவை அடித்தது. பைப் சார் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரை எழுத்தெழுத்தா சொல்லுங்கம்மா" என்றார்.